கோடு நேரானதும் ஏன் ஷாக் கொடுக்கவில்லை?

நீங்கள் கேட்டிருப்பது மேலுக்கு ஒரு டிவி தொடரைப் பற்றிய கேள்வி. 'ஈஆர்' என்ற அமெரிக்க மருத்துவத் தொடரின் பழைய சீசன்களைப் பார்த்து வருகிறீர்கள். இதயம் நின்று மானிட்டரில் கோடு படுத்ததும் இரண்டு தகடுகளை நெஞ்சில் வைத்து ஷாக் கொடுக்கிறார்கள், ஆள் பிழைத்துக்கொள்கிறார், இதில் எவ்வளவு நிஜம் என்கிறீர்கள். ஆனால் ஐந்தாவது வரியில் அப்பா வந்துவிடுகிறார். வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்துவந்த 67 வயது மனிதர். இரவு பத்தரைக்குக் கேசுவாலிட்டிக்குக் கொண்டுபோனீர்கள். கொஞ்ச நேரத்தில் கோடு நேராகிவிட்டது. ஷாக் மெஷின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தும் யாரும் அதைத் தொடவில்லை. நெஞ்சை அமுக்கினார்கள், ஊசி போட்டார்கள், நாற்பது நிமிடம் கழித்து வெளியே வந்து கையை விரித்துவிட்டார்கள். "ஷாக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா?" நீங்கள் கேட்க வந்தது இதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். தொடரைப் பற்றியும் சொல்கிறேன்; சந்தேகம் முளைத்தது அங்கேதானே.

நான் அவசர சிகிச்சைப் பிரிவிலும் ஐசியூவிலும் 19 வருடமாக வேலை பார்க்கிறேன். உங்கள் அப்பாவை நான் பார்த்ததில்லை, கேஸ் ஷீட்டும் என் கையில் இல்லை. அதனால் மருத்துவத்தில் உறுதியான விஷயம் எது, என் ஊகம் எது என்று அங்கங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். கோடு உண்மையிலேயே நேராகிவிட்டால் ஷாக் கொடுப்பதில்லை. எந்த ஊர் மருத்துவமனையானாலும் இதுதான் விதி. ஷாக் என்பது நின்ற இதயத்தை உதைத்துக் கிளப்பும் கருவி என்றுதான் சினிமா நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. நடப்பது நேர் எதிர். ஷாக் இதயத்தின் மின்னோட்டத்தை ஒரு கணம் நிறுத்துகிறது. வாத்தியார் இல்லாத வகுப்பில் ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருக்கும்போது யாரோ மேசையில் பிரம்பால் ஓங்கி ஒரு அடி அடித்தால் மொத்த வகுப்பும் கப்சிப் ஆகும், அந்த அமைதியில் வகுப்பு லீடர் எழுந்து ஆரம்பிப்பான் இல்லையா, அதுதான் ஷாக். இதயத் தசைகள் ஆளுக்கொரு பக்கம் துடித்து, ரத்தம் வெளியே போகாமல், மானிட்டரில் கோழி கிறுக்கியது போல் கோடு ஓடும் நிலை ஒன்று உண்டு. வென்ட்ரிக்குலர் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். நாங்கள் சுருக்கமாக வி-ஃபிப் என்போம். அதற்கும், நாடி இல்லாமல் கீழறை மட்டும் தறிகெட்டு வேகமாக ஓடும் இன்னொரு நிலைக்கும்தான் ஷாக். நேர்கோடு என்றால் வகுப்பறையில் ஆளே இல்லை. மேசையை எத்தனை தட்டினாலும் யார் எழுந்து பேசுவது?

கோடு படுத்ததும் நாங்கள் முதலில் பார்ப்பது நோயாளியை, அடுத்தது ஒயரை. நெஞ்சில் ஒட்டியது வியர்வையில் கழன்றாலும் கோடு நேராகத்தான் ஓடும். ஒயர் சரி, வேறு கோணத்தில் பார்த்தாலும் நேர்கோடுதான் என்றால் அந்த மெஷினுக்கு அங்கே வேலை இல்லை. மெஷின் பக்கத்தில் இருந்தும் தொடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் திரையைப் பார்த்துவிட்டுத்தான் தொடாமல் விட்டிருப்பார்கள் என்பது என் கணிப்பு. இது கணிப்புதான்.

அப்படியானால் நேர்கோட்டுக்கு என்னதான் சிகிச்சை? நீங்கள் திரைச்சீலை இடுக்கில் பார்த்ததுதான். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நெஞ்சை அமுக்க வேண்டும். மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 1 மில்லிகிராம் அட்ரினலின் ஊசி. மூச்சுக்குழாய் வழியாக ஆக்சிஜன். இவற்றுக்கு நடுவே, இதயம் ஏன் நின்றது என்று தேடுவது. ஆள் மாற்றி ஆள் வந்து அமுக்கினார்கள், ஒருவர்கூட முழுசாகச் செய்யவில்லை என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறித்தான் ஆக வேண்டும். அதற்கு மேல் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் ஆழம் குறைந்துவிடும், அது அவருக்கே தெரியாது. நெஞ்சில் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது என்றீர்களே, அதுவும் நடப்பதுதான். அந்த வயதில் சரியான ஆழத்துக்கு அமுக்கினால் விலா எலும்பு முறியும். பயிற்சிக்கு வரும் பையன்கள் முதல் முறை அந்தச் சத்தம் கேட்டதும் கையை எடுத்துவிடுவார்கள்; எடுக்காதே என்று நாங்கள் கத்துவோம். டிவியில் இதைக் காட்டவே முடியாது. கட்டிலில் படுத்திருப்பது உயிருள்ள நடிகர், அவர் நெஞ்சை 5 சென்டிமீட்டர் அமுக்கினால் வழக்கு வரும். அதனால்தான் தொடர்களில் முழங்கையை மடக்கி, சப்பாத்தி மாவு பிசைவது போல் ஏதோ செய்கிறார்கள். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நிஜமான சிபிஆர், அதாவது இந்த நெஞ்சமுக்கும் சிகிச்சை, முரட்டுத்தனமாகத்தான் தெரியும்.

அமுக்குவது ஏதோ மெஷின் இல்லாத இடத்தின் கைவைத்தியம் என்றும் நினைத்துவிடாதீர்கள். ஷாக் கொடுத்து முதன்முதலில் மனித இதயத்தைக் காப்பாற்றியது 1947இல், அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் கிளாட் பெக் என்ற அறுவை மருத்துவர். நெஞ்சைத் திறந்து வைத்து, 14 வயதுப் பையனுக்கு. வெளியிலிருந்து நெஞ்சை அமுக்கும் முறை பரவியது அதற்குப் பிறகு, 1960இல், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கௌவென்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் மூவரும் எழுதிய கட்டுரையால். கௌவென்ஹோவன் மின் பொறியாளர். நாய்களிடம் ஷாக் மெஷினைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, கனமான தகடுகளை நெஞ்சில் வைத்து அழுத்திய மாத்திரத்திலேயே, மின்சாரம் பாய்வதற்கு முன்பே, ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறுவதைக் கவனித்தார்கள். அமுக்கும் சிகிச்சை அந்த மெஷினுக்குப் பக்கத்திலேயே பிறந்தது.

இப்போது நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு வரிகளுக்கு வருகிறேன். ஒன்று, "எலும்புக்குப் போடும் கால்சியம் ஊசியைப் போட்டார்களாம், இதயத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" இன்னொன்று, ஊரில் விசேஷம் என்பதால் அந்த வாரம் ஒரு டயாலிசிஸ் தள்ளிப்போனது. நீங்கள் இரண்டையும் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். கேசுவாலிட்டியில் நிற்கிறவன் காதில் இரண்டும் சேர்ந்துதான் விழும். சிறுநீரகம் வேலை செய்யாதவர் உடம்பில் பொட்டாசியம் சேர்ந்துகொண்டே போகும். அளவு மீறினால் இதயத்தின் மின்னோட்டம் கெடும். ஈசிஜியில் அலைகள் முதலில் கூம்பு போல் உயரும், பிறகு அகன்று ஒன்றோடொன்று கலக்கும், பிறகு இதயம் நிற்கும். அதற்கு முதல் மருந்து நரம்பு வழியாகக் கால்சியம். அது பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத் தசையைச் சுற்றி வேலி போடும். சில நிமிடங்களில் வேலை செய்யும், அரைமணி ஒரு மணி நேரம் தாங்கும். அதற்குள் இன்சுலினும் குளுக்கோஸும் கொடுத்துப் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ள வேண்டும், கடைசியில் டயாலிசிஸ் செய்து வெளியேற்ற வேண்டும். எலும்பு ஊசி என்று நீங்கள் நினைத்தது, அந்த டியூட்டி டாக்டர் காரணத்தைத் தேடியிருக்கிறார் என்பதற்கான அடையாளம். ரத்த முடிவு வரும்வரை காத்திருக்காமல், டயாலிசிஸ் நோயாளி என்று கேட்டதுமே போட்டிருந்தால் நல்ல கை என்றே சொல்வேன்.

அந்த ஒரு டயாலிசிஸ் தவறியதால்தான் போனாரா என்று அடுத்து கேட்பீர்கள் என்று தெரியும். எனக்குத் தெரியாது, அன்றிரவு எடுத்த பொட்டாசியம் அளவைப் பார்க்காமல் யாருக்கும் தெரியாது. டயாலிசிஸில் இருப்பவர்கள் திடீரென்று இதயம் நின்று இறப்பது ஒரு வேளைகூடத் தவறாமல் செய்துகொண்டவர்களுக்கும் நடக்கிறது. அவர்கள் இதயத் தசை ஏற்கெனவே தடித்திருக்கும், ரத்தக் குழாய்கள் சுண்ணாம்பு பிடித்திருக்கும். பொட்டாசியம் ஒரு காரணமாக இருக்கலாம், மாரடைப்பாகவும் இருக்கலாம், நுரையீரலில் நீர் கோத்து ஆக்சிஜன் இறங்கியதாகவும் இருக்கலாம். விசேஷத்துக்குப் போனதை நினைத்து உங்கள் அம்மாவிடமோ தம்பியிடமோ பேச்சு எடுக்காதீர்கள்.

இன்னொரு விஷயம், இது உறுதி. "அப்பா மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருந்தார், அதற்குள் நெஞ்சை அமுக்க ஆரம்பித்துவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதயம் நின்ற பிறகும் சில நிமிடங்கள் வாயைத் திறந்து திறந்து, கரையில் போட்ட மீன் போல, இடைவெளி விட்டு ஒரு மூச்சு வரும். அது மூச்சல்ல. மூளைத்தண்டின் கடைசி அனிச்சை. நாடி பார்த்து, இல்லையென்றால், அந்த நிலையிலேயே அமுக்கத் தொடங்க வேண்டும், தயங்கினால்தான் தப்பு. நான் பார்த்த எந்தத் தொடரும் இதைச் சரியாகக் காட்டியதில்லை. அங்கே இதயம் நின்றால் கண் மூடி, தலை ஒரு பக்கம் சாய்ந்து, அழகாக அடங்கிவிடுகிறார்கள். வீட்டில் இது நடக்கும்போது, மூச்சு இருக்கிறது என்று நம்பி தண்ணீர் தெளித்துக்கொண்டு, 108ஐ அழைக்காமல் பத்து நிமிடம் போக்கிவிட்டு வரும் குடும்பங்களை மாதம் ஒன்றாவது பார்க்கிறேன்.

சரி, தொடருக்கு வருகிறேன். பிழைப்பவர்கள் கணக்கில் 'ஈஆர்' பொய்தான், அதை ஒரு ஆய்வே சொல்லியிருக்கிறது. 1996இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் மூன்று மருத்துவர்கள் அமெரிக்கத் தொலைக்காட்சியின் 97 எபிசோடுகளை உட்கார்ந்து பார்த்து எழுதினார்கள். 'ஈஆர்', 'சிகாகோ ஹோப்', 'ரெஸ்க்யூ 911' மூன்றும் அதில் உண்டு. 60 முறை சிபிஆர் வந்தது. நான்கில் மூன்று பேருக்கு இதயம் திரும்ப ஓடியது, 67 சதவீதம் பேர் வீடு திரும்பியதாகவே காட்டியிருந்தார்கள். நிஜத்தில், வசதிகள் எல்லாம் உள்ள அமெரிக்காவிலேயே, மருத்துவமனைக்குள் இதயம் நின்றால் வீடு திரும்புவது நாலில் ஒருவர் அளவுக்குத்தான். வெளியே நின்றால் பத்தில் ஒருவர். அதிலும் நேர்கோட்டில் தொடங்குபவர்கள் கணக்கு, வி-ஃபிப்பில் தொடங்குபவர்களைவிட மிகக் குறைவு. தொடரில் இதயம் நிற்பது பெரும்பாலும் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும், விபத்திலோ துப்பாக்கிச் சூட்டிலோ. நிஜத்தில் எங்களிடம் வருவது உங்கள் அப்பா வயதினர், மூன்று நான்கு நோய்களோடு.

ஆனால் ஷாக் விஷயத்தில் அந்தத் தொடருக்கு நான் கொஞ்சம் வக்காலத்து வாங்குவேன். கண்டவர்களுக்கெல்லாம் நேர்கோட்டில் ஷாக் கொடுக்கும் சினிமாக்களோடு ஒப்பிட்டால் அது எவ்வளவோ மேல். உருவாக்கியவர் மைக்கேல் கிரைட்டன், ஹார்வர்டில் மருத்துவம் படித்தவர். எழுத்துக் குழுவிலும் டாக்டர்கள் இருந்தார்கள். பல காட்சிகளில் யாராவது "வி-ஃபிப்" என்று கத்திய பிறகுதான் தகடு நெஞ்சுக்குப் போகும். வேகத்தில் அது நம் காதில் நிற்காது, ஷாக் மட்டும் நிற்கும். "200, 300, 360" என்று ஷாக்கின் அளவை ஏற்றிக்கொண்டே போவார்களே, அது 90களில் நாங்களும் படித்த பாடம். 2005இல் வழிகாட்டுதல் மாறி, ஒரே ஒரு ஷாக், உடனே திரும்ப அமுக்கு என்றாகிவிட்டது. நேர்கோட்டுக்கு அட்ரோபின் என்ற ஊசி போடுவதும் அப்போதைய வழக்கம், 2010இல் எடுத்துவிட்டார்கள். உங்கள் அப்பாவுக்கு அட்ரோபின் ஏன் போடவில்லை என்று யாராவது பழைய எபிசோடைப் பார்த்துவிட்டுக் கேட்டால், காரணம் இதுதான். 1994இல் தொடங்கி 2009 வரை ஓடிய தொடர். அதை வைத்து இன்றைய டாக்டரை அளக்கக் கூடாது.

நோயைக் கண்டுபிடிக்கும் பக்கம் பார்த்தால், அதே தொடரின் முதல் சீசனில் 1995 மார்ச்சில் வந்த 'லவ்ஸ் லேபர் லாஸ்ட்' என்ற எபிசோடை நான் ஜூனியர்களுக்குப் போட்டுக் காட்டுவேன். பார்க்கவில்லையென்றால் பாருங்கள், ஆனால் இந்த வாரம் வேண்டாம். நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி வருகிறாள். டாக்டர் மார்க் கிரீன், அந்தத் தொடரின் மிகச் சிறந்த டாக்டர், சிறுநீர்ப்பைத் தொற்று என்று முடிவு செய்து மருந்து எழுதி அனுப்புகிறார். மருத்துவமனையை விட்டுக் கிளம்புவதற்குள் அவளுக்கு வலிப்பு வருகிறது. எக்லாம்ப்சியா, கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும் நிலை. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சறுக்குகிறது: மகப்பேறு டாக்டர் வருவதற்குத் தாமதம், குழந்தையின் தோள் மாட்டிக்கொள்கிறது, கேசுவாலிட்டியிலேயே வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுக்கிறார்கள், நச்சுக்கொடி பிரிந்து ரத்தம் நிற்காமல் போகிறது. குழந்தை பிழைக்கிறது, தாய் இறந்துவிடுகிறாள். ஒரே நோயாளிக்கு இத்தனையும் ஓர் இரவில் நடப்பது நாடகம்தான். ஆனால் அந்த முதல் தவறு இருக்கிறதே, அது அப்படியே நிஜம். கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் 140/90 தாண்டி, சிறுநீரில் புரதமும் போனால் எக்லாம்ப்சியாவுக்கு முந்தைய கட்டம் என்று சந்தேகிக்க வேண்டும். சிறுநீர்த் தொற்றிலும் புரதம் தெரியும். ஒரு காரணம் கைக்குக் கிடைத்துவிட்டால் மனசு அடுத்ததைத் தேடாது. நானும் ஒருமுறை இப்படி வழுக்கியிருக்கிறேன், நெஞ்சுவலியை வாயு என்று அனுப்பிவிட்டு, இரண்டு மணி நேரத்தில் அதே ஆளைத் தள்ளுவண்டியில் திரும்பப் பார்த்து. அவர் பிழைத்துக்கொண்டார். அவர் சட்டை நிறம்கூட எனக்கு நினைவிருக்கிறது.

அபூர்வ நோய்களை மட்டுமே கண்டுபிடிக்கும் 'ஹவுஸ்' தொடரைப் பற்றியும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். அதில் வரும் நோய்கள் பெரும்பாலும் இருப்பவைதான். அவை வாரம் ஒன்றாக ஒரே மருத்துவமனைக்கு வருவதுதான் இல்லாதது. ஆனாலும் 2012இல் ஜெர்மனியின் மார்பர்க் பல்கலைக்கழக மருத்துவமனைக்குக் காரணம் புரியாத இதயச் செயலிழப்போடு 55 வயதுக்காரர் ஒருவர் வந்தார். கண்பார்வையும் காதும் மங்கியிருந்தன. இடுப்பில் உலோக மூட்டு. அங்கிருந்த பேராசிரியர் யூர்கன் ஷேஃபர் அந்தத் தொடரை வைத்தே மாணவர்களுக்குப் பாடம் நடத்துபவர். உலோக மூட்டிலிருந்து கோபால்ட் ரத்தத்தில் கலந்து விஷமாவது அதில் ஒரு எபிசோடில் வந்தது அவருக்கு நினைவு வந்தது, சோதித்தார், அதுவேதான். 2014இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். அவர் தொடரைப் பார்த்து நோயைச் சொல்லவில்லை, சந்தேகப்பட்டார். சொன்னது ரத்தப் பரிசோதனை.

உங்கள் கேள்விக்கு என்னால் முடிந்த பதில் இவ்வளவு: கோடு உண்மையில் நேர்கோடாக இருந்திருந்தால் ஷாக் கொடுக்காதது அலட்சியம் இல்லை, கொடுத்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார். நீங்கள் பார்த்தபோது நேராக இருந்தது சரி. அதற்கு முன், நீங்கள் வெளியே டோக்கன் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், வி-ஃபிப் ஓடியதா என்பது எனக்குத் தெரியாது. ஓடியிருந்து ஷாக் கொடுக்கத் தாமதித்திருந்தால் அது வேறு கதை. அந்த நிலையில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. இதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. கேஸ் ஷீட்டின் நகல் கேட்டு எழுதிக் கொடுங்கள். 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002லிருந்து டாக்டர்களுக்கான ஒழுங்கு விதிகளில் இருக்கிறது. சண்டைக்குப் போகிற தோரணை வேண்டாம், ஆவணப் பிரிவில் மனு கொடுத்து ரசீது வாங்கினால் போதும். வந்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள்: வந்தவுடன் எடுத்த ஈசிஜி, இதயம் நின்றதும் முதலில் எழுதியிருக்கும் ரிதம் (கோடு எந்த வகை, நேர்கோடா வி-ஃபிப்பா என்பது), ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்ற எண். பெயரையும் மருத்துவமனை முத்திரையையும் மறைத்துவிட்டு இந்த மூன்றையும் இங்கே போடுங்கள். அந்த நாற்பது நிமிடத்தில் என்ன நடந்தது என்று வரிவரியாகச் சொல்கிறேன். அலட்சியம் தெரிந்தால் அதையும் சொல்வேன்.